பனி பார்க்க டிசம்பர் வேண்டாம், மகளே

அன்பு மகளுக்கு,

டிசம்பர் விடுமுறையில் வந்தால் பிள்ளைகளுக்குப் பனி காட்டலாம் என்று எழுதியிருந்தாய். ஜூலைதான் நல்லது என்று மருமகன் சொல்கிறார் என்றும் எழுதியிருந்தாய். யோசித்துப் பார்த்தேன். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. செப்டம்பர் கடைசியில் மெல்பேர்ணில் பள்ளிக்கூடங்களுக்கு இரண்டு வார விடுமுறை வருகிறதல்லவா, அப்போது புறப்பட்டு வாருங்கள்.

முதலில் டிசம்பரைச் சொல்கிறேன். சுவிட்சர்லாந்தில் நாங்கள் இருக்கும் இன்டர்லாக்கன், கடல் மட்டத்திலிருந்து 570 மீட்டர் உயரம் மட்டுமே. நத்தாருக்கு இங்கே தெருவெல்லாம் வெள்ளையாக இருக்கும் என்று படங்களைப் பார்த்து நினைத்திருப்பாய். பல வருடங்களில் பெய்வது மழைதான். புல் பச்சையாகவே கிடக்கும். பனி மேலே மலையில் இருக்கும், அங்கே போக ஒவ்வொரு நாளும் டிக்கெட் எடுக்க வேண்டும். நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடையில் அறை வாடகை உச்சத்தில் நிற்கும். நாலே முக்கால் மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். லவுட்டர்புரூனன் போன்ற ஆழமான பள்ளத்தாக்குகளில் மலை மறைப்பதால் நடுப்பகலில் கொஞ்ச நேரம் வெயில் விழுந்தால் பெரிய காரியம். அவ்வளவு தூரம் பறந்து வரும் சின்னப் பிள்ளைகளை இருட்டிலும் ஈரத்திலும் வைத்திருக்க எனக்கு மனமில்லை.

பனிதான் ஆசை என்றால் அதற்கு மாதம் பார்க்க வேண்டியதே இல்லை. யுங்ஃபிராவ்யோக் 3454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐரோப்பாவிலேயே மிக உயரமான ரயில் நிலையம் அது. 1912ஆம் ஆண்டு திறந்தார்கள், வருடம் முழுவதும் ரயில் ஓடுகிறது. செப்டம்பரிலும் பேரன் அங்கே பனியை உருட்டி விளையாடலாம். அங்கிருந்து பார்த்தால் அலெட்ச் பனியாறு தெரியும். 20 கிலோமீட்டருக்கும் மேல் நீளம், ஆல்ப்ஸ் மலைத்தொடரிலேயே பெரியது. கோடை முடியும் நேரத்தில் கீழ்ப்பகுதியின் மேற்பனி உருகி, சாம்பல் நிறப் பனிக்கட்டியும் அதில் விழுந்த வெடிப்புகளும் வெளியே தெரியும். 2022, 2023 ஆகிய இரண்டு வருடங்களில் மட்டும் இந்த நாட்டுப் பனியாறுகள் தங்கள் பருமனில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டன. அதனால்தான் ‘இன்னும் இரண்டு வருடம் போகட்டும்’ என்று நீ சொல்லும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

ஜூலையைப் பற்றி மருமகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மேய்ச்சல் நிலமெல்லாம் பூத்துக் கிடக்கும். இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ஸ்டவுப்பாக் அருவி 297 மீட்டர் உயரத்திலிருந்து நிறைவாக விழும். செப்டம்பரில் அது மெலிந்து, காற்றில் பறக்கும் தூறலாகிவிடும். அதை அவரிடம் மறைக்காமல் சொல். ஆனால் ஜூலையில் பிற்பகல் ஆனதும் மேகம் கூடி இடி இடிக்கும் நாட்கள் அதிகம். மலை நடைபாதையில் பிள்ளைகளோடு இருக்கும்போது மின்னல் வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. ரயிலிலும் கேபிள் காரிலும் கூட்டம் நெரியும். எல்லாவற்றையும் விட, வெங்கனில் நான் சமையல் வேலை செய்யும் ஹோட்டல் நிரம்பி வழியும் காலம் அது. சமையலறையில் ஒருவருக்கும் விடுப்புக் கிடையாது. நீங்கள் வந்து நிற்க, நான் காலையில் போய் இரவில் திரும்புவதா?

‘உங்களுக்கு எப்போது லீவு, அப்பா’ என்று கேட்டிருந்தாய். ஏப்ரலிலும் நவம்பரிலும் ஹோட்டல் பூட்டியிருக்கும். இதோ, இந்த ஏப்ரலில் பூட்டியிருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத நேரம் கிடைத்தது. ஆனால் எனக்கு ஓய்வான மாதங்கள் உங்களுக்கு உதவாது. இந்த மாதங்களில்தான் பல கேபிள் கார்களை நிறுத்திவைத்துப் பழுது பார்ப்பார்கள். ஏப்ரலில் மேலே நடைபாதைகள் பனிக்குள் கிடக்கும், கீழே சேறு. நவம்பரில் பேர்ண் பக்கம் நாட்கணக்காக மூடுபனி கவிந்திருக்கும். மலைக்கு மேலே ஏறினால் வெயில் அடிக்கும், ஆனால் ஏற்றிவிடும் வண்டிதான் ஓடாதே. ஃபுர்க்கா, கிரிம்செல், சுஸ்டன் கணவாய்ச் சாலைகளும் அப்போது பெரும்பாலும் மூடியிருக்கும்.

ஆகவே, செப்டம்பர். எங்கள் தலைமைச் சமையல்காரரிடம் பேசிவிட்டேன், இரண்டு வாரம் விடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த மாதத்தில் காற்று தெளிந்துவிடும், தூரத்து மலை பக்கத்தில் நிற்பதுபோல் தெரியும். காலையில் கம்பளிச் சட்டை, பகலில் கையில்லாத சட்டை, அவ்வளவுதான் குளிர்.

முதலில் உங்களை ஷீனிகே பிளாட்டே என்ற மலைமுகட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று வைத்திருக்கிறேன். வில்டர்ஸ்விலில் இருந்து பல்சக்கர ரயில், 1893 முதல் ஓடுகிறது. ஐம்பது நிமிடம் போல மெல்ல மெல்ல ஏறும். ஒரு வளைவில் திரும்பியதும் ஐகர், மோன்ஷ், யுங்ஃபிராவ் சிகரங்கள் மூன்றும் ஒரே வரிசையில் வந்து நிற்கும். குளிர்காலத்தில் இந்த ரயில் ஓடாது, டிசம்பரில் வந்தால் இதை இழந்துவிடுவாய். மழை நாள் வந்தால் டிரும்மல்பாக் போகலாம். பாறைக்குள்ளே பனியாற்று நீர் குடைந்துகொண்டு இறங்கும் அருவி அது.

இன்னொன்று, மாடுகள். ஜூனில் மலைமேய்ச்சலுக்கு ஏற்றிய மாடுகளைச் செப்டம்பரில் கீழே இறக்குவார்கள். கொம்புகளுக்கு நடுவே பூவும் தேவதாருக் கொப்பும் சேர்த்துக் கட்டிய கிரீடம், கழுத்தில் பெரிய மணி. பட்டிப்பொங்கலன்று பெரியப்பா வீட்டு மாடுகள் நிற்குமே, அப்படி நெற்றியெல்லாம் அலங்காரம். தெருவை அடைத்துக்கொண்டு வரும், பஸ் பின்னால் காத்துக்கொண்டு நிற்கும். தூன் ஏரிக்கு மேலே யுஸ்டிஸ்டால் என்ற பள்ளத்தாக்கில் கோடை முழுவதும் செய்த பாலாடைக்கட்டியை அடுக்கிவைத்து, யாருடைய மாடு எவ்வளவு பால் கொடுத்ததோ அந்தக் கணக்கில் சீட்டுப் போட்டுப் பிரிப்பார்கள். அந்த நாள் மூன்றாம் வாரம் அளவில் வரும். நீங்கள் வருவதற்குள் முடிந்துவிடவும் கூடும், ஆனாலும் வேறு ஊர்களில் மாடு இறங்குவதைப் பார்க்க வழி இருக்கும்.

யுங்ஃபிராவ்யோக் டிக்கெட்டை மட்டும் அங்கிருந்து நாள் குறித்து வாங்காதே. அது சாதாரணக் காசில்லை. காலையில் எழுந்ததும் மலையுச்சிக் கமராவை இணையத்தில் பார்த்து, தெளிவாக இருந்தால் உடனே புறப்படுவோம். மேகம் என்றால் வேறெங்காவது போவோம். மேலே போய் ஓடக்கூடாது என்று பேரனிடம் இப்போதே சொல்லிவை. அந்த உயரத்தில் காற்று மெல்லியது, தலை வலிக்கும்.

மருமகன் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டில்தானே இருக்கிறார்? அவருக்குச் செங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம் என்பதால் இப்போதே கொடுக்கலாம். அழைப்புக் கடிதத்தை இந்த வாரமே அனுப்புகிறேன்.

விமானத்தை சூரிச்சுக்குப் பார். நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். பிள்ளைகள் இருவரின் சப்பாத்து அளவையும் எழுது, அம்மா இங்கே வாங்கி வைப்பாள்.

அன்புடன்,
அப்பா