சாம்சங்குக்கு எதிரி ஆப்பிள் இல்ல சார், பேனல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல சாம்சங் பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க, படிச்சேன். போன் விற்பனைல ஆப்பிள் முந்திடுச்சு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் ஃபேக்டரில ஸ்ட்ரைக் நடந்துச்சு, அதனால கம்பெனிக்கு ஆபத்துன்னு ஒரே சாம்பார்ல எல்லாத்தையும் போட்டு கலக்கிட்டீங்க. நான் கும்பகோணத்துல இருபது வருஷத்துக்கு மேல டிவி, ஃப்ரிட்ஜ் கடை வச்சிருக்கேன், எல்லா கம்பெனி சரக்கும் வித்திருக்கேன், அந்த உரிமைல எழுதுறேன்.

ஆப்பிள் விஷயம் நிஜம்தான். 2023ல உலக அளவு போன் விற்பனைல முதலிடம் கை மாறுச்சு, 2010க்கு அப்புறம் முதல் தடவையா. ஆனா 2017ல ஐபோன் டென் வந்ததுல இருந்து அந்த போனுக்கு ஓஎல்இடி (தானே ஒளி விடற உயர்தர வகை) ஸ்க்ரீன் பெரும்பாலும் குடுக்கறது சாம்சங்கோட பேனல் கம்பெனி சாம்சங் டிஸ்ப்ளே தானே சார். அவன் போன் வித்தாலும் இவன் கல்லாவுக்கு ஒரு பங்கு வருது. அதை சுத்தமான தோல்வின்னு எப்படி சொல்றது?

டிவி கதை வேற. போன மாசம் ஒருத்தர் வந்தாரு, 43 இஞ்ச் வேணும்னாரு. சாம்சங் ஒண்ணு, சீன பிராண்ட் ஒண்ணு, பக்கத்து பக்கத்துல ஓடிட்டு இருக்கு. பத்து நிமிஷம் மாறி மாறி பாத்துட்டு "ஏண்ணே, ரெண்டும் ஒரே மாதிரிதானே தெரியுது, எதுக்கு இதுக்கு மட்டும் எட்டாயிரம் கூட"ன்னாரு. பிராசஸர், சவுண்டு, சர்வீஸ்னு நான் ஏதேதோ சொன்னேன், அவரு மூஞ்சியில ஒண்ணும் ஏறல. எனக்கே அவரு கேக்கறது நியாயமா பட்டுச்சு. கடைக்கு பின்னாடி நம்ம மெக்கானிக் தம்பி பேனல், அதாவது படம் தெரியற திரை, போன டிவிய குப்புற போட்டு ஸ்க்ரூவ கழட்டுவான், முன்னாடி எந்த கம்பெனி பேரு எழுதியிருந்தாலும் உள்ள அந்த பேனலோட கண்ணாடியில (ஓப்பன் செல்லும்பாங்க) ஒட்டியிருக்கற ஸ்டிக்கர் பெரும்பாலும் சீனாக்காரனோடதுதான்.

இது எப்படி ஆச்சுன்னா, சாம்சங் எல்சிடி பேனல், அதாவது சாதாரண டிவில வர்ற திரை, செய்யறதையே 2022ல நிறுத்திடுச்சு. சீனாவுல பிஓஇ, சிஎஸ்ஓடிங்கற பேனல் கம்பெனிங்க எல்லாம் ராட்சச ஃபேக்டரி கட்டி விலைய அடிமட்டத்துக்கு கொண்டு போயிட்டாங்க, கட்டுப்படியாகல. அதுக்கு முன்னாடியே, 2020ல, சீனாவுல சூஜோ ஊர்ல இருந்த தன்னோட எல்சிடி ஃபேக்டரிய சிஎஸ்ஓடிக்கு விக்கறதுக்கு ஒப்பந்தம் போட்டுடுச்சு. சிஎஸ்ஓடி யாருன்னு நினைக்கறீங்க, டிசிஎல் குரூப்போட கம்பெனி! இன்னைக்கு என் கடையில சாம்சங் டிவிக்கு பக்கத்துல நின்னு மல்லுக்கட்டற அதே டிசிஎல். உங்க கட்டுரையில இதுல ஒரு வரி கூட இல்ல. டிவில பேனல்தான் பெரிய செலவு. போட்டியாளன்கிட்டயே அதை வாங்கி டிவி செஞ்சு அவனோடயே விலைக்கு சண்டை போடணும்னா எவ்வளவு நாளைக்கு முடியும்?

இந்த படத்தை நாங்க ஏற்கனவே பாத்தாச்சு சார். அப்போ சோனின்னா பெட்டிய தொடக்கூட விடமாட்டாங்க வீட்டுல. தட்டை டிவி வந்ததும் சோனிகிட்ட சொந்த பேனல் இல்ல, 2004ல சாம்சங்கோட கூட்டு சேந்து கொரியாவுல எஸ்-எல்சிடின்னு ஃபேக்டரி போட்டாங்க. ரெண்டே வருஷம், 2006ல சாம்சங் உலகத்துலயே நம்பர் ஒன் டிவி கம்பெனி ஆயிடுச்சு. சோனி டிவில வருஷக்கணக்கா நஷ்டப்பட்டு 2011 கடைசில தன் பங்கை சாம்சங்குக்கே வித்துட்டு வெளிய வந்துச்சு. அன்னைக்கு சோனி உக்காந்திருந்த நாற்காலியிலதான் இன்னைக்கு சாம்சங் உக்காந்திருக்கு. ஒரு வித்தியாசம் இருக்கு, ஓஎல்இடில இன்னும் அவங்களுக்கு சொந்த சரக்கு இருக்கு, ஆனா அதுலயும் பத்தாம எல்ஜி டிஸ்ப்ளேகிட்ட வாங்கறாங்க. ஒரு காலத்துல எல்ஜி ஓஎல்இடிய கிண்டல் பண்ணி விளம்பரம் போட்டவங்க இவங்க!

சிப்பு பத்தி ரொம்ப தெரியாது, சுருக்கமா சொல்றேன். ஏஐ கம்ப்யூட்டருக்கு வேண்டிய ஹெச்பிஎம்ங்கற அதிவேக மெமரில இன்னொரு கொரியா கம்பெனி எஸ்கே ஹைனிக்ஸ் முந்திக்கிட்டதால 2024 அக்டோபர்ல சாம்சங் சிப் பிரிவு தலைவரே பகிரங்கமா மன்னிப்பு கேட்டாரு. அப்புறம் மெமரி விலை ஏறி நல்லாவே சம்பாதிக்கறாங்க, ஆனா அதே விலை ஏத்தம் அவங்க போன் பிரிவோட செலவையும் ஏத்துது.

ஸ்ட்ரைக்குக்கு வரேன். 2024 செப்டம்பர் 9ல ஆரம்பிச்சு 37 நாள். 2007ல இருந்து ஓடற ஃபேக்டரி அது, டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் செய்யறாங்க. சங்கத்தை ஒத்துக்கோ, சம்பளத்தை ஏத்துன்னு கேட்டாங்க. அது தீபாவளிக்கு முந்தின சீசன், சரக்கு வருமான்னு நானும் பயந்தேன், மறைக்கல. அதுக்காக உலக சந்தையில சாம்சங் திணறுறதுக்கு அந்த ஃபேக்டரி இருக்கற சுங்குவார்சத்திரத்து தொழிலாளி பையனை காரணம் சொன்னா அது அநியாயம். பேனல் விலைய நிர்ணயிக்கறது அவனா?

அந்த 43 இஞ்ச்காரர் கடைசில சாம்சங்தான் எடுத்தாரு. படத்துக்காக இல்ல. டிவி அவங்க அம்மாவுக்கு, அவங்க இருக்கறது திருப்பனந்தாளுக்கு உள்ள ஒரு கிராமம், ரிப்பேர்னா அங்க வரைக்கும் வண்டி எடுத்துட்டு வர ஆளு இருக்கான்னு கேட்டாரு, இருக்கான்னேன். அந்த சீன பிராண்டுக்கு இப்போதைக்கு தஞ்சாவூர்ல இருந்துதான் ஆளு வரணும். அடுத்த மாசம் கும்பகோணத்துலயே சென்டர் திறக்கறாங்கன்னு அவங்க சேல்ஸ் ரெப் நேத்து சொல்லிட்டு போனாரு.

இப்படிக்கு,
ஒரு டிவி கடைக்காரன்,
கும்பகோணம்