மறுப்புக்குப் பதில் எழுதச் சொல்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கண்புரை அறுவை முடிந்து நீயே உன் கையால் எழுதியிருக்கிறாய் என்று பார்த்ததும் மனம் நிறைந்தது. பேத்திக்கு என் ஆசிகள்.

பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றி நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். ராத்திரி முழுவதும் காவல் நிலையத்தில் வைத்து அடித்துவிட்டு, வழக்கு எதுவும் போடாமல் விடியற்காலையில் போகச் சொல்லியிருக்கிறார்கள். என் தம்பி மகனுக்கு நடந்ததும் இதுவேதான். அவனுக்காக மாநில மனித உரிமை ஆணையத்தில் மனுப் போட்டு, முடிவுவரை கூடவே இருந்தவன் நான். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

முதலில் தேதியைப் பார். 1993ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் ஆணையம் விசாரிக்க முடியாது. இப்போதே எட்டு மாதம் ஆகிவிட்டது என்கிறாய். வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது, தமிழிலேயே வெள்ளைத்தாளில் எழுதலாம். மொட்டைக் கடிதம் மட்டும் செல்லாது; பெயரும் முகவரியும் இருக்க வேண்டும்.

மனு போனதும் ஆணையம், யார்மீது புகாரோ அந்தத் துறையிடமே அறிக்கை கேட்கும். எங்களுக்கு வந்த நகலில், அப்படி ஒருவரை நிலையத்துக்கு அழைத்து வரவே இல்லை என்று இருந்தது. தம்பி அன்று சாப்பிடவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்றான். பலரும் மனம் விட்டுப்போவது இந்த இடத்தில்தான். அறிக்கையை அனுப்புவதே நம் பதிலைக் கேட்பதற்காக. பதில் போகாவிட்டால் துறை சொன்னதே நிற்கும், கோப்பை மூடிவிடுவார்கள். நாங்கள் இரண்டு இரவு உட்கார்ந்து வரிக்கு வரி பதில் எழுதினோம். மறுநாள் காலை அரசு மருத்துவமனையில் வாங்கிய ஓ.பி. சீட்டையும் இணைத்தோம். அதன் பிறகே விசாரணைக்கு எடுத்தார்கள்.

விசாரணையில் ஆணையத்துக்குச் சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. சம்மன் அனுப்பலாம், ஆவணங்களை வரவழைக்கலாம். அந்த எஸ்.ஐ. எங்கள் எதிரில் நின்று பதில் சொன்னார். ஆனால் ஆணையத்தின் புலனாய்வுப் பிரிவில் இருப்பவர்களும் போலீஸ்காரர்களே என்பது இன்றும் எனக்கு ஆறாத வருத்தம்.

முடிவில் வருவது தண்டனை அல்ல, பரிந்துரை. அதை அரசு ஒதுக்கி வைத்துவிடலாம் என்றுதான் வெகுகாலம் பேசப்பட்டது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, அது அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. எங்களுக்குக் கிடைத்த இழப்பீடு பெரிய தொகை இல்லை. ஆனால் தன்னை அடித்தது உண்மை என்று உத்தரவில் எழுதியிருந்த பக்கத்தை என் தம்பி மகன் தெருவில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினான்.

பையன் மருத்துவமனைக்குப் போனானா என்று நீ எழுதவில்லை. ஓ.பி. சீட்டு இருக்கிறதா என்று கேட்டு உடனே எழுது. மனுவின் முதல் பிரதியை எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

உன் பழைய அறைத்தோழன்