வோல்டேஜ் குறைந்தால் கவர்னரில் கைவைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாசகர் ஐயங்கள் பகுதியில், வீட்டு உபயோகத்துக்கான சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரில் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 வோல்ட்தான் வருகிறது என்று கேட்டிருந்த ஒருவருக்கு, எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் திருகைச் சற்றே முறுக்கி வேகத்தைக் கூட்டுமாறும், அதிலும் சரியாகாவிட்டால் ஏவிஆரை (வோல்டேஜைத் தானாகச் சீராக வைத்திருக்கும் மின்னணுப் பகுதியை) மாற்றிவிடுமாறும் பதில் தரப்பட்டிருந்தது. இரண்டு வரியில் முடிந்துவிட்ட அந்தப் பதிலின் முதல் பாதி ஆபத்தானது. இரண்டாம் பாதி பல நேரங்களில் வீண் செலவு. இரண்டாவதை நான் சொந்தப் பணம் கொடுத்தே தெரிந்துகொண்டேன் என்பதால் இக்கடிதம் சற்று நீண்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

முதலில் வேகத்தைப் பற்றி. இவ்வகை ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவற்றின் ரோட்டாரில் (சுழலும் பகுதியில்) இரண்டே காந்த முனைகள் இருப்பதால், ரோட்டார் ஒரு முறை சுற்றினால் மின்சாரத்தில் ஓர் அலை உண்டாகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் வினாடிக்கு 50 அலை, அதாவது 50 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் புழங்கும் நாடுகளில் அதே எஞ்சின் 3600 சுற்று ஓட வேண்டும். ஆகவே கவர்னர் திருகு என்பது அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் திருகு. வோல்டேஜ் அதைத் தொடர்ந்து ஏறுவதும் இறங்குவதும் பக்க விளைவுதான். வேகத்துக்கு நேர்விகிதத்தில் வோல்டேஜ் ஏறும் என்றே வைத்துக்கொண்டாலும், 180ஐ 230 ஆக்குவதற்கு எஞ்சினை 3800 சுற்றுக்கு மேல் விரட்ட வேண்டியிருக்கும். அப்போது வெளிவரும் மின்சாரம் ஏறத்தாழ 64 ஹெர்ட்ஸ். ரோட்டாரின் வைண்டிங்கை (கம்பிச் சுற்றை) வெளிநோக்கி இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், அது வழக்கத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடும். மீட்டரில் 230 என்ற எண்ணைப் பார்த்து மனம் நிறைவடையலாம். ஆனால் குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரசரும் மின்விசிறியும் தமக்கு வரும் அதிர்வெண் மாறிவிட்டதை உடனே உணர்ந்துகொள்ளும். வோல்டேஜ் சரியாக இருந்தும் யுபிஎஸ் ஜெனரேட்டர் மின்சாரத்தை ஏற்க மறுப்பதற்கும் பல வீடுகளில் இதுவே காரணம்.

இதைவிட மோசமான நிலையும் உண்டு. வோல்டேஜ் குறைந்ததற்கு உண்மையான காரணம், சுழலும் ரோட்டாரை உரசியபடி அதற்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷின் தளர்ந்த தொடர்பு என்று வைத்துக்கொள்வோம். திருகை முறுக்கி வேகத்தைக் கூட்டி 230க்குக் கொண்டுவந்த பின், எஞ்சினின் அதிர்வில் அந்தப் பிரஷ் தானாகவே சரியாகப் பதிந்துவிட்டால், ஏவிஆர் அதன் பின் வோல்டேஜை 230இல் பிடித்து வைத்துக்கொள்ளும். அதிர்வெண்ணோ 64இலேயே நின்றுவிடும். வோல்டேஜை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஏவிஆர் இல்லாமல் கெப்பாசிட்டரை நம்பி ஓடும், பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் வகையில், வேகத்தில் ஏற்படும் சிறு மாற்றம்கூட வோல்டேஜில் பெரிதாகத் தெரியும் என்பதால், குறை தற்செயலாக நீங்கும் கணத்தில் வோல்டேஜ் எகிறி, இணைத்திருக்கும் கருவிகளை எல்லாம் பதம் பார்த்துவிடும்.

எனவே முதலில் கையிலெடுக்க வேண்டியது திருப்புளி அன்று, ஹெர்ட்ஸ் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர். லோடு, அதாவது மின்சாரம் இழுக்கும் கருவி, எதுவும் இல்லாமல் 50 ஹெர்ட்ஸ் இயந்திரம் 51இலிருந்து 52.5 வரை காட்டுவது இயல்பு. லோடு ஏறும்போது வேகம் சற்றே தாழும் என்பதற்காகவே அப்படி வைக்கப்படுகிறது. (ஹெர்ட்ஸ் அளக்கும் மீட்டர் இல்லாதவர்கள், மின்சாரத்தின் அலைகளை எண்ணி ஓடும் பழைய வகைச் சுவர்க் கடிகாரத்தைச் செருகி, கைக்கடிகாரத்தோடு ஒப்பிடலாம். ஒரு நிமிடத்தில் அது 3 வினாடி முந்தினால் 52.5 ஹெர்ட்ஸ். விளையாட்டுப்போலத் தோன்றினாலும் கணக்கு பிசகாது.) பிறகு ஜெனரேட்டரின் திறனில் பாதியளவுக்கு ஹீட்டர் போன்ற ஒரு லோடைக் கொடுத்து, வோல்டேஜையும் அதிர்வெண்ணையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒன்றாகச் சரிந்தால் நோய் எஞ்சினில் இருக்கிறது: பல மாதம் தேங்கிக் கெட்ட பெட்ரோல், அடைபட்ட கார்புரேட்டர் ஜெட், தூசி படிந்த ஏர் ஃபில்டர் ஆகியவற்றை அங்கே தேட வேண்டும். அதிர்வெண் வெகுவாகத் தாழ்ந்தால் தன்னையும் வைண்டிங்கையும் காத்துக்கொள்ள வோல்டேஜைத் தானே குறைத்துவிடும் ஏவிஆர்களும் உண்டு. அந்த வாசகரின் 180 வோல்ட் அப்படிப்பட்டதாகவே இருக்கலாம். அப்படியானால் அவருடைய ஏவிஆர் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது. அதிர்வெண் சரியாக நின்று வோல்டேஜ் மட்டும் குறைந்தால்தான் மின்பகுதியின் பக்கம் திரும்ப வேண்டும்.

இனி என் கதை. சில மாதங்கள் மூடி வைத்திருந்த என் ஜெனரேட்டரைக் கிளப்பியபோது எஞ்சின் சீராக ஓடியது. மீட்டரோ 4 வோல்ட் காட்டியது. பழுதுபார்க்க வந்தவர் பின்மூடியைக் கழற்றிப் பார்த்து, ஏவிஆர் போய்விட்டது என்று சொல்லிப் புதியதைப் பொருத்தினார், 230 வந்தது. அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் 4 வோல்ட், மறுபடியும் புது ஏவிஆர், மறுபடியும் 230. மூன்றாம் முறையும் அதே 4 வோல்ட்டைக் கண்ட பிறகுதான், தொழிற்பயிற்சி வகுப்பில் மின்னியல் படித்தவன் என்ற நினைவு எனக்கு வந்தது. பிரஷ் இருக்கும் பிளாஸ்டிக் கூட்டை உருவிப் பார்த்தால், ஒரு பிரஷ் அதன் பள்ளத்தில் இறுகிச் சிக்கியிருந்தது. ரோட்டாரில் பிரஷ் உரசும் செப்பு வளையங்களான ஸ்லிப் ரிங்குகளில் ஈரத்தால் கறுத்த படலம் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு முறை ஏவிஆரை மாற்றும்போதும் பிரஷ் கூட்டை வெளியே எடுத்துத் திரும்பச் செருகியதால், அந்த அசைவிலேயே தொடர்பு தற்காலிகமாகச் சீரடைந்திருக்கிறது. பெயரைத் தட்டிக்கொண்டு போனது ஏவிஆர். மெல்லிய உப்புத்தாளால் ரிங்குகளை மெருகேற்றி, பிரஷ் தடையின்றி நகர்வதை உறுதி செய்த பின், கழற்றிப் போட்டிருந்த பழைய ஏவிஆர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தேன். இரண்டும் 230ஐப் பிசகாமல் காட்டின. வந்தவரைக் குறை சொல்வதில் பயனில்லை. மீட்டரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு இரண்டு முறை வேடிக்கை பார்த்தவன் நான்.

அந்த 4 வோல்ட்டே ஒரு நல்ல சாட்சி என்பதையும் சொல்ல வேண்டும். ரோட்டாரின் இரும்பில் எஞ்சி நிற்கும் சிறிதளவு காந்தமே முதல் சில வோல்ட்டை உண்டாக்குகிறது. அதை ஏவிஆர் நேர்மின்சாரமாக மாற்றிப் பிரஷ் வழியாக ரோட்டாருக்குத் திருப்பி அனுப்ப, காந்தம் வலுத்து வோல்டேஜ் படிப்படியாக ஏறுகிறது. ஆகவே 2 முதல் 5 வோல்ட் வரை வந்து நின்றுவிட்டால், எஞ்சிய காந்தம் இருக்கிறது, சங்கிலியின் வேறொரு கண்ணி அறுந்திருக்கிறது என்று பொருள். எதுவுமே வரவில்லை என்றால், முதலில் சர்க்யூட் பிரேக்கரையும் சாக்கெட்டையும் பார்த்துவிட்டு, அதன் பின் எஞ்சிய காந்தம் அழிந்திருக்கலாம் என்று எண்ணலாம். நெடுநாள் ஓட்டாமல் வைப்பதும், லோடு இணைப்பில் இருக்கும்போதே பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் அணைவதும் அதற்குக் காரணமாகலாம்.

பழுது ஏவிஆரிலா வைண்டிங்கிலா என்று பிரித்தறிய ஒரு சோதனை போதும். ஏவிஆர் இணைப்பை முழுவதும் கழற்றிவிட்டு, லோடு ஏதுமின்றி எஞ்சினை வழக்கமான வேகத்தில் ஓடவிட்டு, 12 வோல்ட் பாட்டரியின் நேர்முனையை நேர் பிரஷ்ஷுக்கும் எதிர்முனையை எதிர் பிரஷ்ஷுக்கும் சில வினாடிகள் மட்டும் கொடுக்க வேண்டும். வெளியீட்டில் பல பத்து வோல்ட் எழுந்தால் ரோட்டாரும் ஸ்டேட்டரும் (சுழலாமல் நிற்கும் வைண்டிங்கும்) நலம். அழிந்திருந்த காந்தமும் இதிலேயே திரும்பிவிடும். எழவில்லை என்றால், எஞ்சினை நிறுத்தி, இரண்டு ஸ்லிப் ரிங்குகளுக்கும் இடையே ஓம் அளவு பார்க்கலாம்: சில பத்து ஓம் காட்ட வேண்டும், முடிவிலி காட்டினால் ரோட்டார் வைண்டிங் அறுந்திருக்கிறது. ரிங்குக்கும் தண்டுக்கும் இடையே மாறாக, தொடர்பே இருக்கக் கூடாது. ஏவிஆரைக் கழற்றாமல் பாட்டரியைக் கொடுத்தால் நல்ல ஏவிஆரும் அன்றோடு போய்விடக்கூடும். அழிந்த காந்தத்தை மீட்க, மின்சாரக் கைத்துளைப்பானை ஜெனரேட்டரில் செருகி அதன் தலையைக் கையால் பின்னோக்கிச் சுழற்றும் தந்திரம் ஒன்றையும் பலர் சொல்கிறார்கள். அது வேலை செய்யும், ஆனால் வேலை செய்யும் கணத்தில் துளைப்பான் கையிலேயே சுழலத் தொடங்கும் என்பதால் நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

பிரஷ்லெஸ் வகையில் பார்க்க வேண்டியவை கெப்பாசிட்டரும் ரோட்டாரில் உள்ள டயோடுகளும்தான். எஞ்சின் நின்ற பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்த பிறகே தொட வேண்டும். இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டருக்கு இக்கடிதத்தில் உள்ள சோதனைகள் எதுவும் பொருந்தாது. அதில் எஞ்சின் வேகம் லோடுக்கேற்ப மாறுவதே இயல்பு.

வோல்டேஜ் குறைவதைவிட, 270, 280 என்று ஏறுவதே அதிகக் கேடு. எஞ்சின் வேகம் சரியாக இருந்தும் இப்படி ஏறினால், வெளியீட்டை உணர்ந்து ஏவிஆருக்குச் சொல்லும் கம்பி அறுந்திருக்கலாம். வோல்டேஜே இல்லை என்று நம்பும் ஏவிஆர், ரோட்டாருக்கு முழு மின்சாரத்தையும் திறந்துவிடும். அப்போது உடனே அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை. நேர்மாறாக, சாக்கெட்டின் ஒரு துளைக்கும் ஜெனரேட்டரின் உடலுக்கும் இடையே அளந்து, பாதி வோல்டேஜ்தான் வருகிறது என்று கலங்குவோரும் உண்டு. நியூட்ரல் உடலோடு இணைக்கப்படாத இயந்திரங்களில் அவ்வாறு காட்டுவது பழுது அன்று. இரு துளைகளுக்கும் இடையே அளப்பதே கணக்கு.

இச்சோதனைகள் அனைத்தையும் வீட்டு வயரிங்கோடு எந்த இணைப்பும் இல்லாமல், திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். பாதி திறந்த கார் ஷெட்டில்கூட எஞ்சின் புகையின் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

அந்த வாசகர் தங்கள் நாளிதழின் பதிலைப் படித்து ஏற்கெனவே திருகை முறுக்கியிருக்கக்கூடும். அப்படியானால், வேறெந்தச் சோதனையையும் தொடங்குமுன், லோடு இல்லாத நிலையில் 52 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கும்படி அதைத் திரும்பத் தளர்த்துமாறு, அதே பகுதியிலேயே அவருக்கு ஒரு குறிப்பு வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்