இடுப்பு வலியும் இலைக்கிழியும்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

முந்தாநாள் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாய். ஆறு வருஷம் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன ஆடியில் ஏழு நாள் இலைக்கிழி வைத்துக்கொண்டேன்; மூலிகை இலை மூட்டையால் சூடாக ஒத்தடம் கொடுக்கிற ஆயுர்வேத சிகிச்சை அது. நீ கவலைப்படுவாய் என்றுதான் அப்போது சொல்லவில்லை. நொச்சி, ஆமணக்கு, எருக்கு, புளி இலைகளை நறுக்கி, தேங்காய்த் துருவல், எலுமிச்சைத் துண்டு, இந்துப்பு சேர்த்து எண்ணெயில் வதக்குவார்கள். அதைத் துணியில் உருண்டையாகக் கட்டினால் கிழி. முதலில் தைலம் தேய்த்து உடம்பை இளக்கிவிட்டு, அப்புறம் சூடான கிழியால் ஒற்றி ஒற்றித் தேய்ப்பார்கள். ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது சட்டியில் சூடேறிக்கொண்டிருக்கும்.

எனக்கு வைத்த பெண் ஒவ்வொரு முறையும் கிழியைத் தன் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் என் முதுகுக்குக் கொண்டுவருவாள். நாற்பது நிமிஷமும் ஒரு தடவைகூட அதை மறக்கவில்லை. அந்தக் கையை நம்பித்தான் என் உடம்பு இறுக்கம் விட்டது என்று நினைக்கிறேன்.

முதல் மூன்று நாள் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நாலாம் நாள் ராத்திரி, புரண்டு படுத்தபோது விழிப்பு வரவில்லை. காலையில்தான் அது உறைத்தது. கட்டிலில் உட்கார்ந்து அழுதுவிட்டேனம்மா.

வலி அடியோடு போய்விடவில்லை. தேய்ந்த எலும்பை எண்ணெய் வளர்க்காது என்று வைத்தியரே சொன்னார். சூட்டில் ரத்த ஓட்டம் கூடி, இறுகிய தசை இளகும்; அதனால் கொஞ்ச காலம் நிம்மதியாக நடமாடலாம். எனக்கு அதுவே பெரிசு. அந்த நிம்மதியில்தான் டாக்டர் சொன்ன உடற்பயிற்சியை விடாமல் செய்ய முடிகிறது.

அப்பா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் வேறோர் இடத்துக்குப் போனார். சர்க்கரையால் பாதம் மரத்திருப்பதை அங்கே யாரும் கேட்கவில்லை. சூடு அவருக்கு உறைக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்காலில் கொப்புளம். ஆற மூன்று வாரம் ஆனது. அதனால் எங்கே போனாலும் முதலில் உன்னை உட்காரவைத்து விசாரிக்கிறார்களா என்று பார். காய்ச்சலோ, சிவந்து சூடாக வீங்கிய மூட்டோ, தோலில் புண்ணோ இருந்தால் கிழி வேண்டாம். சாப்பிட்ட உடனேயும் கூடாது.

அடுத்த முறை வரும்போது பத்து நாள் லீவு சேர்த்துப் போடு. சிகிச்சை முடிந்த மறுநாளே விமானம் ஏறினால் பட்ட பாடு வீண். அதற்கு முன்னால், இந்த வாரமே அங்கே டாக்டரைப் பார். கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. அது கிழிக்குக் காத்திருக்கிற வலி இல்லை.

வலி காலுக்கு இறங்குகிறதா, இடுப்போடு நிற்கிறதா? இதற்கு மட்டும் ஒன்றுமில்லை என்று சொல்லாமல் பதில் எழுது.

அன்புடன்,
அம்மா