28 இஞ்ச் டயரும் 36 ஓட்டை ஹப்பும்: ஒரு புகார்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற மின்வாரியக் கணக்கீட்டாளர்,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
சைக்கிள் உதிரிபாகப் பிரிவு.

பொருள்: அளவு மாறி வந்த டயர், ஹப் ஆகியவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு 11,400 ரூபாயைத் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் தளத்தில் மூன்று கியர் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) செட் ஒன்றும் (9,400 ரூபாய்), டியூப்போடு இரண்டு டயரும் (1,760 ரூபாய்) வாங்கினேன். அனுப்பும் செலவு 240 ரூபாய். பணம் முழுவதும் ஆர்டர் போட்ட அன்றே கட்டிவிட்டேன். பொருள் எட்டாவது நாள் வந்தது. இரண்டுமே என் வண்டிக்குச் சேரவில்லை.

வண்டி என் அப்பாவுடையது. 1968-இல் வாங்கிய அம்பத்தூர் ஹெர்குலிஸ், 24 இஞ்ச், கம்பி பிரேக் (ஒயருக்குப் பதில் இரும்புத் தண்டு). முன் ஃபோர்க்கில் பாளையங்கோட்டை நகராட்சி வரி வில்லை இன்னும் இருக்கிறது. (1994-இல் அந்த நகராட்சியே மாநகராட்சிக்குள் போய்விட்டது, வில்லை மட்டும் போகவில்லை.) நான் குரங்குப் பெடல் போட்டுப் பழகியது இதில்தான். வேலைக்குச் சேர்ந்து முதல் பதினோரு வருடம் மீட்டர் கணக்கெடுக்கவும் இதில்தான் போனேன். அப்புறம் மொபெட், ஸ்கூட்டர் என்று வந்ததில் இது மாட்டுத் தொழுவத்தில் சாய்ந்துவிட்டது. ஓய்வு பெற்றபின் முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொன்னார். புது சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று மகன் சொன்னான். நான் தொழுவத்துக்குப் போனேன்.

நான்கு மாதம் வேலை பார்த்தேன். துருவை உப்புத்தாளால் நானே தேய்த்தேன். கறுப்புப் பெயின்ட் அடித்துப் பொன் கோடு மட்டும் ஆள் வைத்துப் போட்டேன். குனிந்து ஓட்ட இடுப்பு ஒத்துழைக்காது என்பதால் ஹேண்டில் பாரை உயரமாக மாற்றினேன். பால்ரஸ், காட்டர் பின் எல்லாம் புதிது. மேலப்பாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பாய் ஓவராயில் பண்ணி, வீல் கோட்டம் எடுத்துத் தந்தார். பாக்கி இருந்தது கியர் ஒன்றுதான்.

இந்த வயதில் கியர் எதற்கு என்று உங்கள் ஆள் போனில் சிரித்தார். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு எதிரே முன்னீர்பள்ளம் தாண்டிச் சேரன்மகாதேவிப் பக்கம் மிதித்துப் பார்த்தால் தெரியும். என் வண்டியின் செயின் பல்சக்கரத்தில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். ஒரு சுற்று மிதித்தால் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் போகும். இருபது வயதில் அது சுகம், அறுபத்து மூன்றில் முட்டி கழன்றுவிடும். மூன்று கியர் ஹப்பில் முதல் கியருக்கு அந்தத் தூரம் கால் பங்கு குறைந்து நாலு மீட்டர் சொச்சம் ஆகிறது. கணக்குப் பார்த்துத்தான் வாங்கினேன்.

சரி, வந்தது என்ன? ஹப்பில் கம்பி கோக்க 36 ஓட்டை. என் பின் ரிம்மில் 40. இந்தக் கறுப்பு வண்டிகளுக்கு முன் சக்கரத்தில் 32 கம்பி, பின் சக்கரத்தில் 40 கம்பி என்பது ஊரில் பஞ்சர் ஒட்டும் பையனுக்கும் தெரியும். அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமிலிருந்து வந்த ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப்பும் 40 ஓட்டையோடு கிடைத்தது. உங்கள் இணையப் பக்கத்தில் "பழைய கறுப்பு வண்டி ரிம்மிலேயே கோத்துக்கொள்ளலாம்" என்று போட்டிருக்கிறது. எத்தனை ஓட்டை என்று எங்கும் இல்லை.

டயர் விஷயம் இதைவிட மோசம். உங்கள் பக்கத்தில் 28 × 1½ என்று இருந்தது. கையில் வந்த டயரில் 28 × 1.50 என்றும், அதன் கீழே 40-622 என்றும் அச்சாகியிருக்கிறது. அரையைப் பின்னமாக எழுதினால் என்ன, தசமமாக எழுதினால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். முப்பத்து நாலு வருடம் மீட்டரில் புள்ளி பார்த்துக் காசு எழுதியவன் நான், எனக்கு அது ஒன்றாகப் படாது. டயர் விஷயத்திலும் இரண்டும் வேறுதான். 1½ என்றால் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் குறுக்களவு 635 மில்லிமீட்டர். 1.50 என்றால் 622. வித்தியாசம் 13 மில்லிமீட்டர், சுற்றளவில் நாலு சென்டிமீட்டர். டயர் ஓரத்துக்குள் இருப்பது இரும்புக் கம்பி, அது இழுபடாது.

பாய் கையில் எடுத்ததுமே, "அண்ணாச்சி, இது நம்ம வண்டிக்குச் சேராதுல்லா" என்று கீழே வைத்துவிட்டார். கடையிலிருந்தே உங்களுக்குப் போன் போட்டேன். முதலில் பேசிய பெண், வண்டி 22 இஞ்சா 24 இஞ்சா என்று கேட்டார். 24 என்றேன். "அப்ப ஏன் சார் 28 ஆர்டர் பண்ணீங்க?" என்றார். 22, 24 என்பது ஃபிரேம் உயரம், சக்கரம் இரண்டுக்கும் 28 தான் என்று விளக்கினேன். அவரைக் குறை சொல்லமாட்டேன், யாரும் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள். அடுத்து வந்த மேலாளர், "புதுசுல டைட்டாத்தான் இருக்கும், நெம்பிப் போடுங்க" என்றார். அவர் லைனில் இருக்கும்போதே பாய் இரண்டு லீவர் வைத்து நெம்பினார். டயர் ஓரம் கிழிந்தது, டியூப்பும் கடிபட்டது.

மறுநாள் திருப்பி அனுப்பக் கேட்டால், "பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை" என்று பதில் வருகிறது. பயன்படுத்தச் சொன்னது யார்? ஹப்பையாவது எடுத்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு கம்பிகூடக் கோக்கவில்லை என்றேன். அதற்கு 36 ஓட்டையில் 622 அலுமினிய ரிம் இருக்கிறது, 2,100 ரூபாய், அதை வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். கம்பி பிரேக்கில் ரப்பர் கட்டை ரிம்மின் உள்பக்கத்தைத்தான் போய் அழுத்தும். நீங்கள் விற்கும் ரிம்மில் அதற்கு இடமே இல்லை. பிறகு பிரேக், ஹேண்டில் லீவர் என்று ஒவ்வொன்றாய் மாற்ற வேண்டியதுதான். செருப்புக்காகக் காலை வெட்டச் சொல்கிறீர்கள்.

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மையில் இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்வேன், பிறகு இங்கேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணம் கிடையாது, எனக்கு நேரத்துக்கும் பஞ்சமில்லை.

அவ்வளவு தூரம் போக எனக்கு ஆசையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 40 ஓட்டை ஹப்பும் 635 டயரும் உங்களிடம் இருந்தால் பணத்துக்குப் பதில் அதையே அனுப்புங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். எப்படியானாலும் அந்தப் பக்கத்தில் ஓட்டை எண்ணிக்கையையும் 622 என்ற எண்ணையும் போடுங்கள். என் கூட்டாளிகள் மூன்று பேர் என் வண்டியைப் பார்த்துவிட்டுத் தங்கள் பழைய வண்டியை வெளியே எடுத்திருக்கிறார்கள். அதில் ஒருவர் உங்கள் தளத்தில் இதே டயரை ஆர்டர் போடப் போனார், நான்தான் நிறுத்தினேன்.

ஆடி அமாவாசைக்குள் தயாராகிவிடும், கல்லிடைக்குறிச்சிக்குச் சைக்கிளிலேயே வருகிறேன் என்று தங்கச்சியிடம் சொல்லியிருந்தேன். கடைசியில் பஸ்ஸில்தான் போனேன். வண்டி பின் சக்கரம் இல்லாமல் பாய் கடையில் தலைகீழாக நிற்கிறது.

ரசீது, ரிம்மையும் டயரையும் அளவு நாடாவோடு எடுத்த படங்கள், உங்கள் பக்கத்தின் நகல் எல்லாம் இத்துடன் வைத்திருக்கிறேன். பார்சலைக் கட்டித் தயாராக வைத்துவிட்டேன். எடுக்க ஆள் அனுப்புவதானால் காலை பத்து மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், அதற்கு முன் நான் மேலப்பாளையத்தில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்