உப்பு நாரத்தங்காய்

அன்புள்ள கண்ணா,

நேற்று போனில், "ஜூலையில் நாங்க நாலு பேர் கிராண்ட் கேன்யன் போறோம்மா, காலையில இறங்கி ஆற்றைத் தொட்டுட்டு சாயங்காலம் மேலே வந்துடுவோம்" என்றாய். நான் "ம்" என்றதோடு சரி. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஜூன் மாதம் நான் அந்த அமெரிக்கப் பள்ளத்தாக்குக்குப் போய்வந்தபோது உன்னிடம் சொன்னதில் பாதி பொய். "கால் வலிதான், மத்தபடி ஒண்ணுமில்ல" என்றேனே, அது அப்பாவும் நானும் பேசிவைத்துக்கொண்டு சொன்னது.

முட்டிவலி என்று அப்பா மேலே விளிம்பிலேயே தங்கிவிட்டார். நானும் என்னோடு வேலை பார்க்கும் மெக்சிகோக்காரத் தோழியும் தெற்குக் கைபாப் பாதையில் இறங்கி, கீழே ஒரு ராத்திரி கூடாரத்தில் படுத்தோம். மறுநாள் பிரைட் ஏஞ்சல் பாதையில் ஏறுவதாகத் திட்டம். 15 கிலோமீட்டருக்கு மேல் நடை, 4,000 அடிக்கு மேல் ஏற்றம்.

இறங்கும் வழியில் ஒரு எச்சரிக்கைப் பலகை. வெயிலில் ஒருத்தன் மண்டிபோட்டு வாந்தி எடுக்கிற படம். அதன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டு போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன், நீயும் சிரித்தாய்.

மறுநாள் விடிகாலை நாலு மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும். அவள் எழுப்பத்தான் செய்தாள். நான்தான் ஓடையில் காலை நனைத்துக்கொண்டு, "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றே ஆறரை ஆக்கிவிட்டேன். அந்த நேரத்தில் அங்கே அவ்வளவு குளுமை! சதுரகிரியில் முடியவில்லை என்றால் பாதியிலேயே திரும்பிவிடலாம், இறக்கம் தானாகக் கொண்டுவந்து விடும். இங்கே எல்லாம் தலைகீழ். சுலபமான பாதி முதலில் முடிந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது முழுக்க ஏற்றம், அதுவும் உச்சி வெயிலில்.

ஆற்றங்கரை மணலில் காலை இழுத்து நடந்து, டெவில்ஸ் கார்க்ஸ்க்ரூ என்கிற வளைவுகளுக்கு வந்தபோது வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. அடியில் இருப்பது 170 கோடி வருடத்துக்கு முந்தைய பாறை என்று படித்திருந்தேன். கறுப்பாக, பளபளவென்று இருக்கும். படித்ததெல்லாம் அங்கே ஞாபகம் வரவில்லை. கையை ஊன்றினால் தோசைக்கல், அவ்வளவுதான்.

நான் செய்த தப்பு வேறு. வெயில் என்றாலே தண்ணீர் குடி என்றுதானே உனக்கும் சொல்லி வளர்த்தேன்? தாகம் இருக்கோ இல்லையோ மடக் மடக்கென்று குடித்துக்கொண்டே வந்தேன். ஒரு வாய் சாப்பிடவில்லை. பிரஷருக்காக டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார் அல்லவா, தோழி நீட்டிய உப்புக் கடலையைக்கூட வேண்டாம் என்றுவிட்டேன். என் கறுப்புச் சட்டையின் கை முழுக்க கோலமாவு சிந்தியதுபோல் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. எங்கேயோ சுண்ணாம்புப் பாறையில் உரசிவிட்டேன் என்று தட்டிவிட்டேன். உடம்பிலிருந்த உப்பு அத்தனையும் அங்கேதான் இருந்தது.

வழியில் இருக்கும் ஹவாசுபாய் கார்டன்ஸ் என்கிற தோட்டத்துக்கு அரை மைல் இருக்கும்போது தலை விண்விண்ணென்றது. அப்புறம் வாந்தி. பலகையில் இருந்தவனைப் போலவே மண்டிபோட்டு. எதிரே கோவேறு கழுதைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. தோழி என்னைப் பாறைப் பக்கமாக இழுத்து உட்காரவைத்தாள். ஒவ்வொரு கழுதையும் என்னைப் பார்த்துக்கொண்டே போன மாதிரி இருந்தது.

அந்தத் தோட்டம் ஹவாசுபாய் என்கிற பழங்குடி மக்கள் விவசாயம் செய்து வாழ்ந்த இடம். கேன்யன் தேசியப் பூங்கா ஆனபிறகு அவர்களை வெளியேற்றிவிட்டார்கள். 2022-இல்தான் அவர்கள் பெயரையே இடத்துக்கு வைத்தார்கள். அங்கே பெரிய மரங்களின் நிழலில் என்னைப் படுக்கவைத்து, சட்டையோடு ஓடைத் தண்ணீரில் நனைத்தார்கள். ரேஞ்சர் என்கிற பூங்காக் காவலர் பெண் ஒருத்தி முதலில் கேட்டது, "என்ன சாப்பிட்டீர்கள்?" ஒன்றுமில்லை என்றதும், "தண்ணீரை நிறுத்துங்கள். உப்பாக எதையாவது கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்" என்றாள். உப்பு இல்லாமல் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மயக்கம், வலிப்புவரைக்கும் போகுமாம்.

தோழி என் பையைக் கொட்டினாள். அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. தயிர்சாதத்துக்கு என்று எடுத்துவந்து மறந்தே போன உப்பு நாரத்தங்காய்! பாட்டி நமக்கு வாந்தி வந்தால் முதலில் வாயில் திணிப்பது அதைத்தானே. ஒரு துண்டை நாக்கில் வைத்தேன். கசப்பும் உப்பும் இறங்க இறங்க, கண் முன்னால் சுற்றிக்கொண்டிருந்த மரம் ஒரு இடத்தில் நின்றது. தோழியும் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு, "எங்க ஊர்லயும் எலுமிச்சையும் உப்பும் இல்லாம ஒண்ணும் நடக்காது" என்றாள். பாதி டப்பாவை அவள்தான் காலி செய்தாள்.

நாலு மணிவரைக்கும் அங்கேயே கிடந்துவிட்டு நிழல் விழுந்தபிறகு கிளம்பினோம். மிச்சம் 7 கிலோமீட்டர். முப்பது அடி நடை, ஒரு நிமிஷம் நிற்பது. இருட்டியபிறகு நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டோம். மேலே விடுதி விளக்குகள் தெரிந்தன. எவ்வளவு ஏறினாலும் அதே தூரத்திலேயே இருந்தன.

பத்து மணிக்கு மேலே வந்தோம். அப்பா மத்தியானம் இரண்டு மணியிலிருந்து அங்கேயே நின்றிருக்கிறார். எனக்காகத் திட்டு ஒன்று தயாராக வைத்திருப்பார் என்று நினைத்தேன். பிளாஸ்கைத் திறந்து பார்த்துவிட்டு, "காபி ஆறிடுச்சு" என்றார். அவ்வளவுதான். குரல் உடைந்திருந்தது.

போகாதே என்று சொல்லவில்லை. ஜூலையில் ஆற்றங்கரையில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும். ஒரே நாளில் ஆறுவரை போய்வர வேண்டாம் என்று பூங்காக்காரர்களே சொல்கிறார்கள். அக்டோபருக்குத் தள்ளிப்போடு, இல்லையென்றால் பிரைட் ஏஞ்சல் பாதையில் மூன்று மைலில் இருக்கும் ஓய்விடத்தோடு திரும்பிவிடு. காலை பத்திலிருந்து மாலை நாலுவரை நடக்காதே. உன் நண்பர்களிடம் அம்மா சொன்னதாகச் சொல்ல வெட்கமாக இருந்தால் ரேஞ்சர் சொன்னதாகச் சொல்.

நாரத்தங்காய் பார்சல் போட்டிருக்கிறேன், வியாழக்கிழமை வந்துவிடும். டப்பா மூடியை டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன், கத்தியால் மெதுவாக வெட்டு.

அம்மா