டயாலிசிஸ் செவிலியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நைட் டியூட்டி முடித்து நேராக இங்கே வந்திருக்கும் சகோதரிகளுக்கும் என் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே கட்டிவிட்டால் அவருக்கு நிம்மதி. உலகச் சிறுநீரக நாளான மார்ச் இரண்டாம் வியாழக்கிழமை, பேருந்து நிலையத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தோம். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் தாங்களாகவே மாத்திரை வாங்கி வருடக்கணக்கில் விழுங்குபவர்கள் நிறைய வந்தார்கள். அந்த மாத்திரை சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதைத்தான் அன்று அதிகம் பேசினோம்.

இந்த ஆண்டு நாம் புதிதாகத் தொடங்கியது, நம் தொழிலின் வரலாற்றைக் கூடி உட்கார்ந்து படித்தது. மெஷினை ஓட்டத் தெரிந்த நமக்கு அது வந்த வழி தெரியவில்லை என்று இளைய உறுப்பினர்கள் கேட்டதால் தொடங்கினோம்.

1943இல் ஜெர்மானியர் பிடியிலிருந்த நெதர்லாந்தில், காம்பன் என்ற சிறிய ஊரில், வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் தொத்திறைச்சிக்கு உறையாகும் செலோஃபேன் குழாயை ஒரு மர உருளையில் சுற்றி, அதனுள் நோயாளியின் ரத்தத்தை ஓடவிட்டு, ரத்தத்தின் கழிவு வெளியே கசியும்படி உப்புக் கரைசல் தொட்டியில் சுழலவிட்டார். நம் டயாலிசிஸ் மெஷினுக்கு முன்னோடி அதுதான். தொடக்கத்தில் சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய எல்லோரும் இறந்துபோனார்கள். 1945 செப்டம்பரில்தான் 67 வயது சோஃபியா ஷாஃப்ஸ்டாட் கோமாவிலிருந்து கண்விழித்தார். இத்தனை சாவுக்குப் பிறகும் அடுத்த நோயாளியைத் தொட்டியருகே கொண்டுவர எவ்வளவு மனத்திடம் வேண்டும்!

ஆனாலும் நாள்பட்ட நோயாளிக்கு வழி பிறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக ரத்தக்குழாயைத் திறக்க வேண்டும். கொஞ்ச நாளில் திறக்க இடமே இருக்காது. 1960இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவர், கையிலேயே தங்கிவிடும் டெஃப்லான் குழாயை கிளைட் ஷீல்ட்ஸுக்குப் பொருத்தினார். போயிங் நிறுவனத்தில் இயந்திரத் தொழிலாளியான ஷீல்ட்ஸ் அதன்பின் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். டயாலிசிஸ் நர்சிங் தனித் தொழிலாக வளர வழிவிட்டது அந்தக் குழாய்தான் என்பது என் கருத்து. வாரம் தவறாமல், வருடக்கணக்காக வரும் நோயாளி அதற்கு முன் நமக்குக் கிடையாது. குழாய் நுழையும் இடத்தில் சீழ் பிடிக்காமல் பார்ப்பது, ரத்தம் உறைந்தால் எடுப்பது, வீட்டில் தானே செய்துகொள்ளக் கற்றுக்கொடுப்பது எல்லாம் செவிலியர் கைக்கு வந்தன. 1969இல் அமெரிக்காவில் சிறுநீரகச் செவிலியர்களும் டெக்னீஷியன்களும் சேர்ந்து சங்கமே அமைத்துவிட்டார்கள்.

சியாட்டிலில் மெஷின்கள் போதாததால், யாருக்கு டயாலிசிஸ் என்று முடிவு செய்ய ஏழு பேர் குழு ஒன்று இருந்தது. இதைப் படித்த அன்று கூட்டம் வெகுநேரம் கலையவில்லை. "ஸ்லாட் இல்லைம்மா, அடுத்த வாரம் பாருங்கன்னு சொல்றப்ப நானும் அந்தக் குழுவில் ஒருத்திதானே அக்கா" என்றார் ஒரு தங்கை. யாரும் அவரை மறுக்கவில்லை.

1966இல் நியூயார்க்கில் பிரெஸியா, சிமினோ என்ற மருத்துவர்கள், தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலாவைப் பற்றி எழுதினார்கள். இன்று நாம் தினமும் ஊசி போடுவது அதில்தான். இதைப் படித்த மாதம் மூத்த சகோதரி ஒருவர் புதியவர்களின் விரல்களைப் பிடித்து, ஒரு நோயாளியின் அனுமதியோடு, அவர் மணிக்கட்டில் வைத்தார். "த்ரில், அதான் ரத்தம் பாயுற அதிர்வு, தெரியுதா? தெரியலைன்னா ஊசியை எடுக்காதே, டாக்டரைக் கூப்பிடு. அந்தக் கையில் பி.பி. கட்டாதே" என்றார். புத்தகத்தில் பலமுறை படித்தவர்கள்கூட அன்றுதான் அதைத் தொட்டு உணர்ந்ததாகச் சொன்னார்கள்.

நம் பக்கத்தில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை வெற்றி பெற்றது. 2021இல் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வயிற்றுவழி டயாலிசிஸுக்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. நடுவிலிருந்த காலத்தை, ரத்தத்தை வடிகட்டும் டயலைசரைக் கையால் கழுவி, ஃபார்மலின் என்ற கிருமிநாசினியின் நெடியில் கண் எரிய நின்றவர்களின் காலத்தை, யாரும் எழுதி வைத்ததாக என் கண்ணில் படவில்லை. ஓய்வு பெற்ற சகோதரிகள் சிலரின் நினைவுகளைச் செல்போனில் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறோம். அப்புறம், அவர்களில் இருவரை இந்த ஆண்டு இழந்துவிட்டோம். இக்கூட்டம் அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறது.

ஒரு மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். ஃபிஸ்டுலாவில் கை பழகிய சகோதரியைத் திடீரென வேறு வார்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். புதியவர் பழகும்வரை வலி நோயாளிக்குத்தான். பயிற்சி பெற்றவர்களைக் குறைந்தது சில ஆண்டுகளாவது பிரிவிலேயே வைத்திருக்கக் கோரும் தீர்மானத்தையும், நினைவுப் பதிவுகளைத் தொகுக்கும் தீர்மானத்தையும் சபையின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன். பழைய சகோதரிகளின் தொலைபேசி எண் தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போகவும்.